தண்ணீரைப் பார்த்து உடுத்தினேன்

அந்த உடுப்பு ஒரு மாலை நேரம் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நோர்வேயிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவர் தன் பயணப்பெட்டியில் பாதி இடத்தை அதற்கே ஒதுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"உங்கடை தம்பி தந்துவிட்டவர். உள்ளுக்கை என்ன எண்டு மட்டும் என்னைக் கேட்காதேங்கோ. விமான நிலையத்திலை கேட்டாங்கள், எனக்கே விளங்கப்படுத்தத் தெரியேல்லை" என்று சொல்லி ஒரு கறுப்புப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பையைத் திறந்தேன். தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு முழு ஆள் உள்ளே மடிந்து கிடந்தது. தலை மட்டும் இல்லை. கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் மெல்லிய கறுப்பு றப்பர். கால்கள் முடியும் இடத்தில் காலில் போடும் மேஸ் போல உடுப்போடு சேர்த்தே ஒட்டிய பாதங்கள். இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை குறுக்காக ஓடிய, இழுத்துப் பூட்டும் தடித்த சிப். அதை இழுத்துப் பார்க்க என் கையில் பலம் போதவில்லை. உடுப்பைக் கதவில் கொழுவிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. இது நிசம். அந்தக் குளிர்க் கடலுக்கு நான் போகப்போகிறேன்.

நாற்பதைத் தாண்டியவள் நான். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை. அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தேன். எனக்கு எப்படி இந்தக் கயாக் பைத்தியம், இந்த ஒடுங்கிய துடுப்புப் படகுப் பைத்தியம், பிடித்தது என்று உறவினர்கள் இன்றுவரை கேட்கிறார்கள். அதற்குக் காரணம் குருநகரில் இருக்கும் என் தோழி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். அவளும் கணவரும் கடற்கரையில் ஒரு மீன் வாடி வைத்திருக்கிறார்கள். அவர் கடலுக்குப் போகிறவர். வாடியில் மீனை நிறுத்து, ஐஸ் போட்டு, கொழும்பு லொறிக்கு ஏற்றுவதெல்லாம் அவள் பொறுப்பு. கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்தவள், ஆனால் ஒரு நாளும் வள்ளத்தில் ஏறிப் போனதில்லை. அவர்களுடைய குடும்பத்தில் பெண்கள் கரையோடு நின்றுவிடுவார்கள்.

தொண்டைமானாற்று நீரேரியில் பிளாஸ்ரிக் கயாக்குகளை யாரோ வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். முதல் நாள் இருவரும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தோம். அவள் இடப்பக்கம் வலிப்பாள், நான் வலப்பக்கம் வலிப்பேன், கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆனால் திரும்பும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. துடுப்பு இறங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவள் திரும்பிப் பார்த்து, "எடியே, இவ்வளவு காலமும் இந்த ஆம்பிளையள் எங்களுக்குச் சொல்லாமல் வச்சிருந்தது இதைத்தான்" என்றாள். அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்து அவள் வருவாள். நான் பஸ் நிலையத்தில் காத்து நிற்பேன்.

தம்பி இருப்பது நோர்வேயின் மேற்குக் கரை ஊர் ஒன்றில். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்து வரும் இடம். அவனும் அங்கே கயாக் ஓட்டுகிறவன். நான் ஓட்டுகிறேன் என்று தெரிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "தை மாதம் வாங்கோ அக்கா. மலையெல்லாம் பனி மூடியிருக்கும், கடல் மட்டும் கறுப்பா இருக்கும். நாங்கள் அதுக்குள்ளாலை போவம்."

விசா வந்த நாளில்தான் அவன் நிபந்தனையைப் போட்டான்.

"தண்ணி புகாத உடுப்பு ஒண்டு அனுப்பியிருக்கிறன். அதைப் போட்டுக் கழட்டிப் பழகிக்கொண்டுதான் வரவேணும். பழகாட்டிக் கரையிலை நிண்டு படம் எடுக்கலாம். கடலிலை இறக்க மாட்டன்."

"எனக்கு நீந்தத் தெரியும்தானே?"

"அக்கா, உந்த நீச்சல் இஞ்சை உதவாது. தண்ணிக்கை விழுந்த உடனை மூச்சு உங்கடை சொல்லைக் கேட்காது. அந்த நேரம் தலை தண்ணிக்குள்ளை இருந்தால் முடிஞ்சுது. வெயில் எறிச்சாலும் சரி, காத்தைப் பார்த்து உடுக்கக் கூடாது. தண்ணியைப் பார்த்துத்தான் உடுக்கவேணும். விழுவன் எண்டு நினைச்சு உடுக்கவேணும்."

எனக்கு அது கொஞ்சம் மிகைப்படுத்தலாகத்தான் பட்டது. அண்ணன் இல்லாத குறைக்குத் தம்பி அதிகாரம் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை தோழியை வீட்டுக்குக் கூப்பிட்டு முதல்தடவையாக உடுப்பைப் போட்டேன். கைத்தொலைபேசியை அலுமாரியில் சாய்த்து வைத்தோம். தம்பி திரையில் இருந்தபடி சொல்லிக்கொடுத்தான். தோட்டைக் கழற்று, சங்கிலியைக் கழற்று, வளையல், மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழற்று. றப்பரில் ஒரு கீறல் விழுந்தாலும் உடுப்பு போச்சு. அவள் என் தோடுகளைக் கழற்றி வாங்கும்போது, "கலியாணத்துக்கு வெளிக்கிடுற மாதிரியெல்லோ இருக்கு, மறுவளமா" என்றாள்.

கால்கள் சுலபமாகப் போயின. கைகளுக்குப் பேபி பவுடர் போட்டுத் தள்ளினோம். பிறகு கழுத்து. அந்தச் சின்ன றப்பர் ஓட்டைக்குள் என் தலை போகும் என்று எந்தப் புத்தியுள்ள மனிதரும் நம்பமாட்டார்கள். "இரண்டு கையாலையும் விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு, தலையை ஒரே தள்ளாத் தள்ளுங்கோ" என்று தம்பி கத்தினான். தள்ளினேன். நெற்றி போயிற்று, மூக்கு மாட்டிக்கொண்டது. கொண்டை வேறு பின்னால் இறுகிப் பிடித்துவிட்டது. எல்லாம் கறுப்பு. மூச்சை உள்ளே இழுத்தால் றப்பர்தான் வாய்க்குள் வந்தது.

"எடியே, இழு! இழு!" என்று நான் உள்ளேயிருந்து அலறினேன்.

"எந்தப் பக்கம் இழுக்கிறது? மேலையோ கீழையோ?"

"ஏதோ ஒரு பக்கம்!"

அவள் கீழே இழுத்தாள். போத்தலில் இருந்து தக்கை கழன்ற சத்தத்தோடு என் தலை வெளியே வந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் கட்டிலில் விழுந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். திரையில் தம்பியைக் காணவில்லை. அவனும் எங்கோ கீழே குனிந்து சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த தரம் அவள் என் தலைமயிரை இறுக்கிப் பின்னி, நைலோன் துணி ஒன்றால் மூடிக் கட்டிவிட்டாள். அதன் பிறகு வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஆனால் விசிறி முழு வேகத்தில் சுற்றியும் எனக்குள் வியர்வை ஓடத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் அந்த உடுப்போடு நிற்பது அவியும் பிட்டுக் குழலுக்குள் நிற்பது போலிருந்தது. "இதைப் போட்டுக்கொண்டு குளிரைப் பற்றி நான் என்னத்தைப் பழகிறது? எனக்கு மயக்கமெல்லோ வருகுது" என்றேன்.

தோழி என்னைப் பார்த்தாள். தொலைபேசியைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்தது. சின்ன வயதில் அவளுக்கு இந்த முகம் வந்தால் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அடி நிச்சயம்.

"குளிர் தண்ணிதானே வேணும்?" என்றாள். "எங்கடை வாடியிலை மலை மாதிரி ஐஸ் கிடக்கு."

தம்பி திரைக்குள் திரும்பி வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "அக்கா," என்றான், "உங்கடை சிநேகிதிக்கு மூளை இருக்கு."

அடுத்த ஞாயிறு மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் குருநகருக்குப் போனேன். காலை ஏலம் முடிந்து மீன் லொறிகள் போய்விட்டன. வானம் முழுக்கக் கருமேகம், வாடைக்காற்று கடலை அலைத்துக்கொண்டிருந்தது. வாடிக்குள் பெரிய மீன்களைப் போட்டு வைக்கும் பைபர் தொட்டி ஒன்றைத் தோழி தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். ஒருவர் உள்ளே இறங்கி நின்றால் நெஞ்சுவரை வரும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் உண்டு. அவளுடைய கணவர் ஐஸ் கட்டிகளை மரச்சுத்தியலால் உடைத்து உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடல் தண்ணீரைப் பம்பு வைத்து விட்டிருந்தார்கள். தொட்டியிலிருந்து புகை மாதிரி வெள்ளையாக எழும்பியது.

"வாங்கோ தங்கச்சி" என்றார். "நோர்வே வந்து சேர்ந்திட்டுது. பாஸ்போட் தேவையில்லை."

எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. தொலைபேசியை மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றின் மேல் நிறுத்தினோம். தம்பியின் பக்கம் இன்னும் விடியவில்லை. மேசை விளக்கு வெளிச்சத்தில் கோப்பிக் கோப்பையோடு இருந்தான்.

முதலில் உடுப்பில்லாமல் ஒரு தரம் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். தம்பி வேண்டாம் என்றான். நான் விடவில்லை. எதிலிருந்து தப்புவதற்காக இவ்வளவு பாடுபடுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? கடைசியில் ஒத்துக்கொண்டான். ஆனால் தலை நனையக் கூடாது, இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்திருக்க வேண்டும், அவன் "ஏத்துங்கோ" என்றதும் ஏற்றிவிட வேண்டும். சேர்ட்டோடும் களிசானோடும் ஏணியில் ஏறினேன். தோழி ஒரு கையை, கணவர் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கால் வைத்தேன். இறங்கினேன்.

அந்தக் கணத்தை என்னால் சரியாக விவரிக்க முடியாது. குளிர் என்றே தோன்றவில்லை. யாரோ நெஞ்சில் உதைத்த மாதிரி இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. காற்று உள்ளே போயிற்று, மேலும் போயிற்று, இன்னும் போயிற்று, வெளியே வரவில்லை. நாய் இளைக்கிற மாதிரி என்னிடமிருந்து சத்தம் வந்தது. அதை நான் செய்யவில்லை, உடம்பு செய்தது.

"அக்கா, உங்கடை விலாசத்தைச் சொல்லுங்கோ" என்றான் தம்பி.

எனக்குக் கேட்டது. பிறந்து வளர்ந்த வீட்டு விலாசம். வாயைத் திறந்தேன். ஹ, ஹ, ஹ என்பதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை.

"ஏத்துங்கோ!"

இருவரும் தூக்கி வெளியே போட்டார்கள். தோழி துவாயால் சுற்றினாள். தம்பி, "இப்ப அந்த லைப் ஜாக்கெற்றின்ரை கொழுவியைப் பூட்டுங்கோ" என்றான். பிளாஸ்ரிக் கொழுவி, ஒன்றுக்குள் ஒன்று தள்ளினால் போதும். ஒவ்வொரு ஞாயிறும் பார்க்காமலே பூட்டுகிற கொழுவி. என் விரல்கள் அதன்மேல் வழுக்கிக்கொண்டே இருந்தன. யாருடைய விரல்களையோ நான் தூரத்திலிருந்து பார்ப்பது போலிருந்தது. கொஞ்ச நேரம்தான் தண்ணீரில் நின்றிருப்பேன்.

"விளங்கிச்சுதோ?" என்றான்.

தலையை மட்டும் ஆட்டினேன். அன்றோடு அவன் சொன்னது எதுவும் எனக்கு மிகையாகப் படவில்லை.

உடுப்பு மாற்றி, இஞ்சி போட்ட தேத்தண்ணி குடித்து, நடுக்கம் முழுதாக நின்ற பிறகு தோடம்பழ நிற உடுப்பை எடுத்தோம். தம்பி கம்பளி உள்ளுடுப்பும் அனுப்பியிருந்தான். ஆனால் எங்கள் காலநிலையில் அதைக் கையில் தொடவே சொறிந்தது. நல்ல தடித்த பருத்திப் பெனியன் இருக்கிறதே, வெளியே தண்ணீர் புகாத உடுப்பு இருக்கும்போது உள்ளே எது இருந்தால் என்ன என்று நினைத்து, அவனிடம் சொல்லாமல் அதையே போட்டுக்கொண்டேன். கழுத்து இந்தமுறை அழகாக நுழைந்தது. நான் குந்தி இருக்க, தோழி என் கழுத்து றப்பருக்குள் ஒரு விரலை விட்டாள். உள்ளே இருந்த காற்று புஸ் என்று போயிற்று. காற்றை வெளியேற்றாவிட்டால் தண்ணீரில் கால்கள் பலூன் மாதிரி மேலே வந்துவிடுமாம். உடுப்பு உடம்போடு ஒட்டியது. சிப்பை இழுத்து மூடினேன். லைப் ஜாக்கெற், தலைக்குத் தடித்த றப்பர்த் தொப்பி, கையுறை.

ஏணியில் ஏறினேன். உடம்பு முன்னதை மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை!

தண்ணீர் என்னை எல்லாப் பக்கமும் அமத்தியது. பெரிய கை ஒன்று மெதுவாகப் பிடித்தது போலிருந்தது. ஐஸ் துண்டுகள் நெஞ்சில் முட்டி முட்டிப் போயின. நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். சாதாரணமாக!

"விலாசத்தைச் சொல்லுங்கோ" என்றான் தம்பி.

விலாசத்தைச் சொன்னேன். வீதிப் பெயர், ஒழுங்கை, பக்கத்துக் கடை, கடைக்காரரின் குணம் எல்லாவற்றையும் சொன்னேன். தோழி துள்ளினாள். அவளுடைய கணவர் கை தட்டினார். நான் மல்லாந்து படுத்தேன். ஐஸுக்கு நடுவே மிதந்தேன். கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன்.

அப்போதுதான் இடது தோளுக்குக் கீழே ஒரு நூல் மாதிரி ஏதோ ஓடியது. குளிர்ந்த நூல். முதலில் வியர்வை என்று நினைத்தேன். அது விலாவால் இறங்கி இடுப்புக்கு வந்தது. பிறகு கயிறாகியது. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது.

"தண்ணி வருகுது" என்றேன். "உள்ளுக்கை தண்ணி வருகுது!"

தோழி பாய்ந்து வந்து என் நெஞ்சைப் பார்த்தாள். "எடியே, சிப் முழுக்கப் பூட்டேல்லை! மேலை கொஞ்சம் திறந்து கிடக்கு!"

ஒரு விரல் நுழையும் இடைவெளி. அவ்வளவுதான். மல்லாந்து படுத்ததும் தோள் தண்ணீருக்குள் போய், அந்த இடைவெளியால் ஐஸ் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கால்வரை நிறைந்துவிட்டது. ஏணியைப் பிடித்து ஏறப் பார்த்தேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை தெரியாத பாரம் வெளியே வரும்போது தெரிந்தது. ஒவ்வொரு காலும் ஒரு நிறைகுடம். கணவர் என் தோள் பட்டியைப் பிடித்து இழுத்து, இடுப்புக்கு மேல் தொட்டி விளிம்பில் போட்டார். நான் அரைவாசி உள்ளேயும் அரைவாசி வெளியேயும் நெத்தலிச் சாக்கு மாதிரித் தொங்கினேன்.

சிரிப்பதா பயப்படுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. உடுப்பைக் கழற்றியபோது பருத்திப் பெனியன் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அந்தக் குளிர் அதிலேயே தங்கிவிட்டது. துவாய் சுற்றியும், தேத்தண்ணி குடித்தும், பல்லுக் கிடுகிடுப்பது நிற்க வெகுநேரம் எடுத்தது. தம்பி திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தான்.

"பருத்தியோ போட்டனீங்கள்?"

"ஓம்."

"சிப்பை ஆர் பார்த்தது?"

"நான்தான்."

"ஒருத்தரும் தன்ரை சிப்பைத் தானே பார்க்கிறேல்லை அக்கா. இஞ்சை நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கையாலை தடவிப் பார்த்துத்தான் இறங்கிறது." கொஞ்சம் நிறுத்தினான். "நல்ல காலம். இது குருநகர்த் தொட்டி."

அதைக் கோபமாகத்தான் சொன்னான். பிறகு வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் சின்ன வயதில் கீரிமலைக் கேணியில் ஒருமுறை தண்ணீர் குடித்துத் தத்தளித்தபோது நான் இப்படித்தான் கோபமாகக் கத்திவிட்டு அப்பால் போய் அழுதேன். எனக்கு அவனை விளங்கியது.

உடுப்பை உள்ளும் புறமும் திருப்பி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டோம். மழைக்காலம் என்றபடியால் காய்வதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிட்டது. இந்தமுறை கம்பளியைப் போட்டேன். சொறிந்தது, சொறியட்டும். மேஸும் கம்பளி. சிப்பை நான் இழுத்தேன். தோழி முனைவரை விரலால் தடவி, கடைசியில் அது பொருந்தும் இடத்தில் இறுக்கி, பிறகு கணவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். கழுத்தைச் சுற்றி, மணிக்கட்டைச் சுற்றி, றப்பருக்குள் துணியோ மயிரோ மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"இப்ப போ" என்றாள். பூசை வைத்து அனுப்புகிற மாதிரி ஒரு முகம்.

இறங்கினேன். இருந்தேன். படுத்தேன். தலையைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தேன். முகத்தில் ஊசி குத்தியது, ஆனால் மூச்சு என் மூச்சாகவே இருந்தது. லைப் ஜாக்கெற் கொழுவியைக் கழற்றிப் பூட்டினேன். விசில் ஊதினேன். கணவர் ஒரு கயிற்றைப் போட்டு முடிச்சுப் போடச் சொன்னார். கையுறையோடு முடிச்சுப் போட்டேன், கோணல் முடிச்சுத்தான், ஆனாலும் அவிழவில்லை. வியர்வையில் கம்பளி நனைந்துதான் இருந்தது. நனைந்தும் சூடு விடவில்லை. தம்பி விலாசம் கேட்கவில்லை. சும்மா ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தான். நானும் ஐஸுக்குள் இருந்தபடி ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தேன். அதைவிட ஒரு பெரிய வெற்றியை நான் வாழ்நாளில் கண்டதில்லை.

நான் ஏறி வந்து துவட்டிக்கொண்டு நின்றபோது தோழியின் கணவர் உடுப்பின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, குறை நினையாட்டி… நானும் ஒருக்காப் போட்டுப் பார்க்கட்டோ?"

தோழி திடுக்கிட்டாள். "இஞ்சேருங்கோ, உங்கடை வயிறு இதுக்கை போகுமோ?"

போயிற்று. எப்படிப் போயிற்று என்பது வேறு கதை. கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் உள்ளேயிருந்து போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வாடிக்காரர்கள் ஓடி வந்தார்கள். உடுப்பு முழங்காலுக்கு அருகே இழுபட்டு நிற்க, குனிய முடியாமல் நண்டு மாதிரி நடந்து ஏணியில் ஏறினார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார்.

இறங்கிய பிறகு அவர் சிரிக்கவில்லை. மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சுற்றி நின்றவர்களும் மெல்ல மெல்ல அடங்கினார்கள். ஏதும் நடந்துவிட்டதோ என்று தோழி விளிம்பில் சாய்ந்து, "என்னப்பா?" என்றாள்.

"அந்த மார்கழி," என்றார் கண்ணைத் திறக்காமல். "வள்ளம் பிரண்டு கிடந்த அண்டைக்கு."

எனக்கு அது தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். இயந்திரம் நின்றுபோய், அலை புரட்டி, அவரும் கூட்டாளியும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்து, வேறு வள்ளக்காரர் கண்டு ஏற்றினார்கள். ஆனால் அதைப் பற்றி அவர் கதைத்ததை யாரும் கேட்டதில்லை.

"எங்கடை கடல் எண்டால் சூடு எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். ஐஸ் இல்லைத்தான். ஆனால் மழையும் காத்தும் சேர்ந்து, நனைஞ்ச சாரத்தோடை விடியுமட்டும் கிடந்தால்… கை விட்டுப்போச்சு. விட்டுப்போச்சு எண்டதே எனக்குத் தெரியேல்லை. கூட்டாளி வலைக்கயிறாலை என்ரை கையை வள்ளத்தோடை கட்டினபடியாத்தான் கிடந்தனான்." கண்ணைத் திறந்து தகரக் கூரையைப் பார்த்தார். "இது இருந்திருந்தால் அண்டைக்கு நித்திரையே கொண்டிருப்பன்."

யாரோ சிரித்தார்கள். தோழி சிரிக்கவில்லை. ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு அவருடைய கையுறைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வெறுங்கை சிவந்துபோகும்வரை எடுக்கவில்லை.

பக்கத்து வாடியிலிருந்து வந்தவர்கள் அதன் பிறகு தொலைபேசியைச் சுற்றி நின்று தம்பியைக் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். இங்கே இவ்வளவு பெரிய உடுப்பு தேவையில்லை, இது போட்டால் வெக்கையில் மயங்கிவிடுவீர்கள் என்று அவன் சொன்னான். வாடைக்காலத்தில் நனைந்தால் சூடு போகாத மாதிரி உள்ளே ஒன்று, காற்றை மறிக்க மேலே ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே லைப் ஜாக்கெற். "வள்ளத்துக்கை வச்சிருக்கிறேல்லை, உடம்பிலை போட்டிருக்கிறது" என்று அழுத்திச் சொன்னான்.

தோழி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டதே? தலைக்கு வச்சுப் படுக்கவெல்லோ நீங்கள் அதைக் கொண்டுபோறனீங்கள்?"

அடுத்த நாள் அவர் கடலுக்குப் போனபோது அவள் கரைக்குப் போய் நின்று, தன் கையாலேயே கொழுவியைப் பூட்டிவிட்டாளாம். மற்றவர்கள் கேலி செய்தார்களாம். கேலி செய்தவர்களில் ஒருவருடைய மனைவியும் அதற்கு அடுத்த நாள் கரைக்கு வந்துவிட்டாள் என்று அவள் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தை மாதம் நான் போனேன். தம்பி சொன்னது உண்மை. மலையெல்லாம் வெள்ளை, கடல் மட்டும் கறுப்பு. கரையில் உடுத்தி முடித்ததும் அவன் என் உடுப்பையும் நான் அவனுடைய உடுப்பையும் தடவிப் பார்த்தோம். பிறகு, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில், வேண்டுமென்றே என் கயாக்கைக் கவிழ்த்தான். நான் தண்ணீருக்குள் போய், வெளியே வந்து, மூச்சு விட்டு, "இனிப் போவமோ?" என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். இரண்டு பேருடைய லைப் ஜாக்கெற்றும் முட்டிக்கொண்டதில் சரியாகக் கட்டிப்பிடிக்க முடியவில்லை.

துடுப்புப் போட்டுப் போனோம். சூரியன் மலைக்குப் பின்னால் எங்கோ இருந்தது, வெளிச்சம் மட்டும் நீலமாக வந்தது. துடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் அதன் தண்டிலேயே உறைந்து மணி மணியாக நின்றது. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியபோது, எனக்கு முன்னால் தண்ணீர் மெல்லப் பிளந்து ஒரு தலை எழும்பியது. வட்டமான மொட்டைத் தலை, மீசை, ஈரமான பெரிய கண்கள். கடல்நாய்! அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன்.

"எடியே, பாரடி! இஞ்சை பாரடி!" என்று முழுக்குரலில் கத்திவிட்டேன்.

மலை அதைத் திருப்பிச் சொன்னது. பின்னால் வந்த தம்பி துடுப்பை நிறுத்தி, "ஆரோடை கதைக்கிறீங்கள் அக்கா?" என்றான்.

அதற்குள் அந்தத் தலை மூழ்கி, சற்றுத் தூரத்தில் மறுபடி எழும்பி, வா என்பது போலத் திரும்பிப் பார்த்தது. குருநகரில் நிற்கிறவளோடு என்று பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. துடுப்பை ஆழமாகப் போட்டு வலித்தேன்.